தொகுதி கேட்ட யசோதா அக்கா

ஷிஃப்ட் முடிந்து மத்திகிரி பஸ்ஸில் ஏறியபோது செய்தி வந்தது. எங்கள் கட்சியின் மாநிலப் பொருளாளராக இருந்த யசோதா அக்கா இறந்துபோய்விட்டார்.

உங்களில் பலர் அவரை அறிவீர்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக் குடும்பம். ஓசூரில் தொழிற்சாலை வேலை. தொழிற்சங்கம் வழியாகக் கட்சி. பொருளாளர் பின்வரிசையில் இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சட்டமன்றத் தேர்தல் வந்தபோது மாவட்டக் கூட்டத்தில் எழுந்து அவர் தொகுதியைக் கேட்டார்.

“கணக்குப் பாக்க நீதாம்மா வேணும்,” என்றார் மூத்தவர் ஒருவர்.

“பாத்தாச்சுங்கண்ணா. இனி சட்டசபைக்குப் போயி அரசாங்கத்தக் கணக்குக் கேக்கறன்.”

தொகுதி கிடைத்தது.

பிரச்சாரத்தின் நடுவில் தண்ணீர்த் தகராறு மூண்டு, எல்லையில் பஸ்கள் நின்றன. தமிழில் மட்டும் பேசும்படி தலைமை சொல்லிவிட்டது. மறுநாள் எல்லையோரக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் கன்னடத்தில் கதறினார். அந்தப் பக்கத்து ஃபேக்டரிக்குப் போன மகள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வீடியோ எடுக்காங்க,” என்றேன் பிரச்சாரத்துக்கு உடன் போயிருந்த நான்.

“எடுக்கட்டும். புள்ளயக் காணோம்னு அழறாங்க. எந்த மொழியில பேசறதுன்னு யோசிச்சுட்டு நிக்கவா?”

ஒலிபெருக்கியிலேயே கன்னடத்தில் ஆறுதல் சொன்னார். பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சங்கத்தாரிடம் போனில் பேசினார். மாலையில் நாங்கள் இருவரும் எல்லைவரை நடந்துபோய் அந்தப் பெண்ணைக் கூட்டி வந்தோம்.

அவள் வீடு திரும்பியது எந்த வீடியோவிலும் இல்லை. அக்கா கன்னடம் பேசியது மட்டும் தொகுதி முழுக்கப் பரவியது. தலைமை மன்னிப்பு அறிக்கை கேட்டது, மறுத்தார். தேர்தலில் தோற்றார். அடுத்த மாநாட்டில் பொருளாளர் பதவியும் வேறொருவருக்குப் போனது.

வலிக்காததுபோல அவர் நடிக்கவில்லை. கட்சி அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். “எம்எல்ஏ ஆவணும்னு ஆசப்பட்டன்மா. நெஜமாவே ஆசப்பட்டன்.” பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தொழிலாளர்களைப் பார்க்க ஃபேக்டரி கேட்டுக்குக் கிளம்பினார். கடைசியாகப் படுக்கையில் விழும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை.

பதவி ஆசை இருந்தால் பெண் அதை வெளியே காட்டக் கூடாது என்றுதான் தூத்துக்குடியில் என்னை வளர்த்தார்கள். அந்தப் படியில் அவர் அருகில் உட்கார்ந்திருந்த பிறகு அந்த வளர்ப்பு என்னிடம் நிற்கவில்லை. அக்காவை அடக்கம் செய்த வாரம் கிளைக் கூட்டம் நடந்தது. செயலாளர் பொறுப்புக்கு யார் என்று கேட்டார்கள்.

எழுந்து என் பெயரைச் சொன்னேன்.