ஒன்பது முடிச்சுக் கயிறு

பெரிய டயர் பூட்டிய ஜீப்பைக் கண்டால் மற்றவர்கள் அதன் உயரத்தைப் பார்ப்பார்கள். நான் குனிந்து அடியைப் பார்ப்பேன். டயரை மாற்றியவர் உள்ளே இருக்கிற பல்லையும் மாற்றினாரா என்று கேட்க நினைப்பேன், கேட்க மாட்டேன். ஒருமுறை தெரியாத்தனமாகக் கேட்டதற்கு, "ஏன் அன்ரி, டயர் வடிவா இல்லையா?" என்றார் ஒருவர். வடிவுக்கா சில்லு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கிற கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆட்களுக்கு முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசிக்கட்டும்.

1. வாளி

முதல் நாள் முதலாளி என்னிடம் ஒரு வாளி மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் தந்தார். அவர் யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளவத்தையில் வீடு. பெயர் மகாலிங்கம்.

"பிலோ, கழுவுறது மட்டுந்தான் உன்ர வேலை. விக்கிறது நான். பூட்டுறது சுனில் பாஸ். விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான். பாஸ் என்றால் கைவேலைக்காரர், சுனில் எங்கள் சிங்கள மெக்கானிக்.

அச்சின் நடுவில் உள்ள உருண்டைக் கூட்டுக்குள் இரண்டு பல்சில்லுகள் இருக்கும். என்ஜின் பக்கமிருந்து வரும் தண்டின் நுனியில் இருப்பது சின்னது, பினியன். ரோட்டில் ஓடும் சில்லுகளைச் சுற்றவைப்பது பெரியது, கிரௌன். கிரௌனின் பல்லைப் பினியனின் பல்லால் பிரித்தால் வருவதுதான் ரேஷியோ. இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை, வாய்ப்பாடு போதும். ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும், கடையில் உள்ளவர்களும்தான், கிரௌனை மட்டும் எண்ணிவிட்டுப் போவார்கள். பெரியது கண்ணுக்குத் தெரிகிறது, சின்னது எண்ணெய்க்குள் கிடக்கிறது. அவர்களுக்கு அது போதும். எனக்கு அது அந்த நாள் முதல் இந்த நாள் வரை எரிச்சல்.

பெயின்ரில் எழுதி வைத்தால் மண்ணெண்ணெய் பட்டு அழிந்துவிடும். அதனால் நான் ஒவ்வொரு கிரௌனையும் அதன் பினியனையும் சணல் கயிற்றால் சேர்த்துக் கட்டி, பினியனுக்கு எத்தனை பல்லோ அத்தனை முடிச்சுப் போட்டு ராக்கைத் தட்டில் வைப்பேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் என்னவென்று கேட்கவும் இல்லை.

2. திங்கட்கிழமை

யுத்தம் கடுமையாக நடந்த காலம். முகத்துவாரத்தில் இருக்கிற என் வீட்டிலிருந்து கடைக்கு வர இரண்டு இடத்தில் அடையாள அட்டை காட்டவேண்டும். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றின் கிளினிக் ஜீப்பைக் கொண்டு ராமையா என்ற டிரைவர் ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தார்.

"டயர் மாத்துனதுல இருந்து வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க முதலாளி. ரெண்டாம் கியர்ல ஏறுன ஏத்தத்துல இப்ப முதல் கியர் போட்டாலும் மூச்சு வாங்குது. கிளச்சு கருகி நாறுது. உள்ள ஒரு புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு அன்னிக்கு நடு ஏத்தத்துல நின்னுட்டேன்."

"ஆர் மாத்தச் சொன்னது?"

"எங்க தோட்டத்து தொரைதாங்க. மழையில ரோடு பள்ளமாப் போச்சு, வண்டி வயிறு தட்டுதுன்னு."

"வயிறு தட்டுதெண்டு காலை நீட்டியிருக்கினம்" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். ராமையா மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டுக் கடதாசி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"லொட்ஜுல தங்குறதுக்கு பொலிஸ்ல மூணு நாளைக்குத்தான் பதிஞ்சு குடுத்திருக்காங்க. புதன்கிழமையோட சரி. அதுக்கு மேல ஒரு நாள் நின்னாலும் புடிச்சிருவாங்க. கிளினிக் கடிதம் இருக்கு, ஆனா அத யாரு வாசிக்கிறா?"

"புதன் விடியவே நீ மலையில நிப்பாய். யோசியாதை."

பிறகு எந்த ரேஷியோ என்று பேச்சு வந்தது. முதலாளியிடம் நெடுநாளாக விற்காமல் இரண்டு சோடி கிடந்தன, இரண்டிலும் கிரௌன் நாற்பத்துமூன்று, பினியன் எட்டு.

"இதைப் போட்டா மலை என்ன, மதிலும் ஏறும்."

மதில் ஏறும்தான். ஆனால் தட்டையான ரோட்டில் என்ஜின் கத்திக் கத்தியே செத்துப்போகும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜீப்பின் உபரிச் சில்லு இன்னும் பழைய அளவுதான். அதில் சோக்கால் கோடு போட்டு நிலத்தில் ஒரு சுற்று உருட்டித் தையல் நாடாவால் அளந்தேன். எண்பத்தெட்டு அங்குலம். புதிய டயரை அப்படி உருட்டினால் நூற்றுமூன்று. ஜீப்பில் இருந்த பழைய சோடி முப்பத்தேழுக்கு ஒன்பது, அதாவது நாலு சுற்றுக்குக் கொஞ்சம் கூட. டயர் எவ்வளவு கூடியதோ ரேஷியோவும் அவ்வளவு கூடவேண்டும். பெருக்கிப் பிரித்தால் நாலு தசம் எட்டு. ராக்கையில் முப்பத்தொன்பதுக்கு எட்டு இருந்தது, அது ஐந்துக்குச் சற்றுக் குறைவு. மலைக்கு ஒரு சொட்டுக் கூட இருப்பது நல்லது.

மட்டையொன்றில் "39 / 8, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று" என்று எழுதி முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வாளிக்குத் திரும்பினேன். அவர் மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மட்டையைப் பார்த்தார்.

"சரி, இதையே குடு" என்றார். விற்காத சோடிகளுக்காக ஒரு பெருமூச்சும் விட்டார்.

3. செவ்வாய்க்கிழமை

ஃபோர் வீல் ஜீப்பில் முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே கியர்ப் பெட்டிதான் சுற்றுகிறது. இரண்டிலும் ஒரே ரேஷியோ இல்லாவிட்டால் ஒரு அச்சு முந்தப் பார்க்கும், மற்றது இழுத்துப் பிடிக்கும். இது எல்லாருக்கும் தெரியும். சுனில் பாஸுக்கும் நன்றாகத் தெரியும்.

பின் அச்சுக்கு நான் எட்டு முடிச்சுச் சோடியை எடுத்துக் கொடுத்தேன். முன்னுக்குப் பூட்டுகிற நேரம் தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தேன். பாஸ் தானே ராக்கைக்குப் போய், கிரௌனை எண்ணி, முப்பத்தொன்பது கண்டதும் எடுத்துவிட்டார். ராக்கையில் முப்பத்தொன்பது கிரௌன் மூன்று இருந்தன. இரண்டுக்குப் பினியன் எட்டு, ஒன்றுக்கு ஒன்பது.

நான் வரும்போது முன் கூட்டின் மூடிக்குத் திருகாணிகள் ஏறிக்கொண்டிருந்தன. வெட்டி எறிந்த கயிறு மரத்தூளில் கிடந்தது. எடுத்து எண்ணினேன். ஒன்பது. திரும்ப எண்ணினேன். ஒன்பதுதான்.

"பாஸ்... இந்தக் கயிறு..." என்றேன்.

"அக்கே, கயிறு வேணாம். குப்பைக்குப் போடுங்க" என்றார் பாஸ், நிமிராமலே. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கயிற்றை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன் என்று என் மனதுக்கு நானே சொன்னேன். எங்கே சொன்னேன்? கயிற்றைக் காட்டினேன். காட்டியது சொன்னதாகுமா?

4. புதன்கிழமை

பாஸ் ஜீப்பை முகத்துவாரம் வரை ஓட்டிக்கொண்டு வந்தார். பின் சில்லு இரண்டும் மட்டும் இழுக்கும்போது எதுவும் தெரியாது, நன்றாகவே ஓடியது. ராமையா பையைத் தூக்கி முன் இருக்கையில் வைத்துவிட்டார். போகுமுன் ஃபோர் வீல் போட்டுப் பார்க்கலாம் என்று கடைக்கு முன்னால் நேராக ஓட்டினார்கள். முப்பது அடி போனதும் டயர் கிறீச்சிட்டது, ஜீப் உதறியது, லீவர் இறுகிப்போய் வரமாட்டேன் என்றது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். பாஸ் காற்று என்றார். நாலு டயரிலும் காற்றைப் பார்த்தார்கள். முதலாளி ராமையாவைப் பிடித்துக்கொண்டார்.

"நீ லீவரைப் போட்ட விதம் பிழை."

"நான் தொடவே இல்லையே முதலாளி, பாஸ்தானே ஓட்டுனாரு!"

பிறகு அச்சு வளைந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார். தெருவால் போன ஒரு மனிதர் நின்று, பெட்டிதான் பழுது என்று சொல்லிவிட்டுத் தன் வழியில் போனார். அவர் சொன்னதை நம்பிப் பெட்டியைக் கழற்றினார்கள். யார் அந்த மனிதர்? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெருவால் போனவருக்கு இருந்த வாய் எனக்கு இல்லை.

கயிறு என் பையில் இருந்தது. கைவிரல் அதைத் தடவிக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு முடியாதா பாஸ்?" என்று ராமையா நாலைந்து தரம் கேட்டார்.

"ஹெட்ட, ஹெட்ட. நாளைக்கு ஷுவர்" என்றார் பாஸ்.

ராமையா பையை இறக்கிக்கொண்டு லொட்ஜுக்குப் போனார்.

5. வியாழக்கிழமை

காலையில் கடைக்கு வந்தபோது முதலாளி வாசலிலேயே நின்றார்.

"ராமையாவைப் பொலிசில பிடிச்சுப்போட்டாங்கள். விடியப்புறம் லொட்ஜைச் சுத்தி வளைச்சவங்களாம். துண்டு நேற்றோட முடிஞ்சுதெல்லோ."

நான் வாளியைத் தொடவில்லை. நேரே போய்க் கயிற்றை அவருடைய மேசையில் வைத்தேன்.

"என்னது இது?"

"ஒன்பது முடிச்சு. முன்னுக்குப் பூட்டின பினியன் ஒன்பது. பின்னுக்கு எட்டு. கிரௌன் ரெண்டும் முப்பத்தொன்பது."

அவ்வளவு நீளமாக நான் கடையில் பேசியது அதுதான் முதல் தரம். பாஸ் நம்பவில்லை.

"முப்பத்தொன்பது தானே அக்கே, நான் எண்ணினது!"

பெட்டி கழன்றிருந்ததால் இரண்டு தண்டும் சும்மா சுற்றும். தண்டு இரண்டிலும் சோக்கால் கோடு போட்டேன். டயரில் ஒரு கோடு. ஜீப்பைச் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும் வரை தள்ளச் சொன்னேன். பின் தண்டு ஐந்துக்குச் சற்றுக் குறையச் சுற்றியது. முன் தண்டு நாலுக்குச் சற்றுக் கூட. பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை.

பாஸ் கையிலிருந்த ஸ்பானர் சாவியை நிலத்தில் வைத்துவிட்டுக் குந்தினார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"எடி விசரி, எப்ப தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

அவர் ஜீப்பில் கிடந்த கிளினிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார். எட்டு முடிச்சுப் போட்ட மற்றச் சோடி ராக்கையில் அதே இடத்தில் இருந்தது. பாஸ் அதை எடுத்து வந்து பின்னேரத்துக்குள் பூட்டி முடித்தார். ஃபோர் வீல் போட்டு ஓட்டினார்கள். ஒரு சத்தமில்லை.

6. சனிக்கிழமை

முதலாளி மூன்று நாள் பொலிசுக்கு நடந்தார். சனிக்கிழமை மத்தியானம் ராமையாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதன்கிழமை போட்ட அதே சட்டை. காலில் செருப்பு இல்லை. இடது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமே அக்கா. முதலாளி சொன்னாரு."

"ஓம்."

"வியாழக்கிழமையா?"

பொய் சொல்லியிருக்கலாம். முதலாளி அவ்வளவுதான் சொல்லியிருந்தார், மிச்சத்தைச் சொல்லவில்லை.

"செவ்வாய்க்கிழமையே தெரியும்" என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையை என் கையில் தந்தார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

அதன் பிறகு அந்தக் கடையில் மூடிக்கு முதல் ஆணி ஏறுமுன் நான் பக்கத்தில் போய் நின்று, "கிரௌன் முப்பத்தொன்பது, பினியன் எட்டு" என்று இரண்டு எண்ணையும் உரக்கச் சொல்வேன். முதல் தரம் குரல் தவளை போல வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இரண்டாம் தரமும் சொன்னேன். கொஞ்ச நாளில் சுனில் பாஸ் சாவியைப் பிடித்தபடி எனக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். "அக்கே, கியன்ன" என்பார், சொல்லுங்கள் என்று. சொன்ன பிறகுதான் பூட்டுவார்.

பல்லை எண்ணத் தெரிந்தவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். கணக்குப் போடக் கைபோனே இருக்கிறது. ஆனால் எண்ணியதை மூடி ஏறுமுன் வாயால் சொல்லுங்கள். வெட்கம் ஒரு நிமிடத்தில் போய்விடும். ராமையா பொலிசில் இருந்தது மூன்று நாள்.