கன்னத்துச் சிவப்பும் காய்ச்சின கம்பியும்

என் மகள் பிறந்தபோது அவள் இடக் கன்னத்தில் கொசு கடித்த தடம் போல ஒரு சிவப்பு இருந்தது. மூன்று மாதத்தில் அது கோவைப்பழம் போலப் புடைத்துக்கொண்டது. வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தன்று நான் காய் அரிந்ததுதான் காரணம் என்று மோகனூர் முழுக்கப் பேச்சு. அன்றைக்கு நான் அரிவாள்மணையைத் தொடவே இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வண்டி கட்டிக்கொண்டு நாமக்கல் போனோம். டாக்டர் அந்தச் சிவப்பை விரலால் அமுக்கினார், வெளிறியது. விரலை எடுத்ததும் மறுபடி சிவந்தது.

"ரத்தக் குழாய் கூடிப் பொடச்சிருக்கும்மா. கொஞ்ச நாள் வளரும், அப்பறம் தானா வத்தீரும். கீறாதீங்க, சுடாதீங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணிய வெச்சு உடாம அமுக்குங்க" என்றார்.

"மருந்தே குடுக்காதவன் என்ன டாக்டரு?" என்று வழியெல்லாம் புலம்பினார் என் வீட்டுக்காரர். மாட்டுக்குக் கட்டி வந்தால் சூடு போட்டே தீர்க்கிறவர் அவர். பெற்ற பிள்ளைக்கும் அதே வைத்தியம்தான் அவருக்குத் தோன்றியது.

மறுநாள் நான் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, மாட்டுக்குச் சூடு போடுகிற ஆள் எங்கள் வாசலில் கம்பியைத் தணலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் பிள்ளையின் தலையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, உடுங்க!"

"அக்கட்டால போ புள்ள. ஒரு இழுப்புதான்."

குடத்தை அந்த ஆளின் முதுகில் போட்டேன். அப்படியும் கம்பி பிள்ளையின் கன்னத்தை நோக்கி இறங்கியது. வெறுங்கையால் பிடித்துப் பிடுங்கினேன். உள்ளங்கை பொரிந்தது, விடவில்லை. அந்த இழுபறியில் வீட்டுக்காரரின் நகம் பட்டுச் சிவப்பு கிழிந்தது. பிள்ளையின் கழுத்தெல்லாம் ரத்தம். சூடு போட வந்தவன் ஓடியே போனான்.

வீட்டுக்காரர் என்னை ஓங்கி அறைந்தார். நான் கொடியில் கிடந்த வெளுத்த துணியை இழுத்துக் கன்னத்தில் வைத்து அமுக்கினேன்.

"இன்னொரு அடி உழுந்துது, அந்தக் கம்பிய உங்க கண்ணுல எறக்கிருவேன்" என்றேன். செய்தும் இருப்பேன். அது அவருக்கும் தெரிந்தது. ரத்தம் நிற்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

ஒரு வயது தாண்டியதும் சிவப்பின் நடுவே வெளிறத் தொடங்கியது. மெல்லத் தட்டையாகி, ஆறேழு வயதில் தேடினால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வற்றிவிட்டது.

வளர்ந்தபின் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "எம்புள்ள மொகத்துல ஒரு மறு மாசு இல்லீங்க" என்று பெருமையடித்தார் என் வீட்டுக்காரர். மாப்பிள்ளையின் அம்மா, வெற்றிலைத் தட்டை வாங்க நான் நீட்டிய உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க தழும்பு?" என்று கேட்டார்.

"சோறு வடிக்கறப்ப சுட்டுக்கிட்டா" என்றார் இவர், முந்திக்கொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லீங்க. அந்த மொகத்துல இவரு போட வந்த சூடு" என்றேன்.