விளிம்புக்கு ஒரு மதிப்பெண்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு மிளகாய் டீச்சர் என்று பெயர். இருபத்தாறு வருஷம் இயற்பியல் நடத்தினார். கோபம் எப்போதும் மூக்கு நுனியில். எவனாவது நோட்ஸை மனப்பாடம் செய்து ஒப்பித்தால், அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிடுவார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன். வாய் தேஞ்சா போயிடும்?" என்பார். நான் கணக்கு வாத்தியார். பொதுத்தேர்வுத் தாள் திருத்தும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போட்ட மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை.

அந்த வருஷம் ஒரு கேள்வி: பிரபஞ்சத்துக்கு விளிம்பு உண்டா? மேலிடத்து விடைக்குறிப்பில் ஒரே சொல், 'இல்லை'. ஒரு பிள்ளை மட்டும் இப்படி எழுதியிருந்தது: 'தெரியாது. ரொம்பத் தொலைவில் இருக்கும் இடங்களிலிருந்து வெளிச்சம் இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை. அங்கே விளிம்பா, மேலும் நட்சத்திரங்களா, யாரும் பார்த்ததில்லை.' டீச்சர் இரண்டு முறை படித்துவிட்டு ஒரு மதிப்பெண் போட்டார். கூட்டினேன். சரியாக முப்பத்தைந்து, பாஸ்.

தலைமைத் திருத்துநர் வந்து தாளைப் புரட்டினார்.

"குறிப்புல இல்லாததுக்கு எப்படி டீச்சர் மார்க் போட்டீங்க? அடிங்க அதை."

"குறிப்பு எழுதினவரு அங்க போய்ப் பாத்துட்டு வந்தாரா சார்?"

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது.

"ஒரு மார்க்குதானே, ஏன் சண்டைக்கு வர்றீங்க?"

"அந்த ஒரு மார்க்குலதான் பிள்ளைக்கு ஒரு வருஷம் போகுது. சரியா எழுதின ஒரே தாள் இது. நான் அடிக்க மாட்டேன்."

டீச்சரை வெளியே போகச் சொன்னார். சிவப்புப் பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போனவரை, அதற்குப் பிறகு தாள் திருத்தக் கூப்பிடவே இல்லை.

தலைமை அந்தப் பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீங்க அடிங்க சார்."

எனக்கு இயற்பியல் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அடித்தேன். முப்பத்துநான்கு என்று மாற்றிக் கையெழுத்தும் போட்டேன். தூ, இதுவும் ஒரு பிழைப்பு.

மூன்று வருஷம் கழித்து அதே கேள்வி திரும்ப வந்தது. விடைக்குறிப்பில் 'உறுதியாகத் தெரியாது' என்று அச்சாகியிருந்தது. அதே தலைமை அதை, தானே கண்டுபிடித்த மாதிரி, எங்களுக்கு வாசித்துக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. நேரே டீச்சர் வீட்டுக்குப் போய், அன்று நான் வாய் திறக்காமல் அந்த மார்க்கை அடித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?"

"தெரியல டீச்சர்."

"இப்ப மட்டும் வாய் வருதா?" என்றார்.