வேலிப் பொட்டும் அணிசேராமையும்

நாங்கள் அணிசேரா நாடு என்று வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கரம்பொனில் எங்கள் வீடும் அணிசேரா வீடானது. ஒரு பக்கம் பெரியப்பா வளவு, மறுபக்கம் மாமா வளவு, நடுவில் நாங்கள். ஆள் நுழைய வேலியில் விடும் இடைவெளிக்கு எங்களூரில் பொட்டு என்று பெயர். எங்களுக்கு இரண்டு பக்கமும் பொட்டு இருந்தது. மாமாவின் ஆடு அந்த இரண்டாலும் புகுந்துபோய்ப் பெரியப்பாவின் பயிற்றங்கொடியை மேய்ந்ததில்தான் யுத்தம் மூண்டது.

புவியியல் படிப்பிக்கும் அப்பா, தான் இருவருக்கும் பொது என்று அறிவித்தார். தேசப்படத்தை விரித்து எனக்கு விளக்கமும் சொன்னார். சுவிற்சர்லாந்துக்கு மலை காவல், அதனால் சண்டைக்குள் இழுபடவில்லை. பெல்ஜியம் வெட்டவெளி, படைகள் அதற்குள்ளால் நடந்து போயினவாம். எங்களுக்குக் காவல் பனையோலை வேலி.

அவரை ஒருவரும் நம்பவில்லை. பெரியம்மா என் தலையைத் தடவி, "மாமா வீட்டிலை என்ன பிள்ளை கதைக்கினம்?" என்பார். மாமா பனங்கட்டி தந்து, பெரியப்பா வீட்டைப் பற்றி அதையே கேட்பார். அப்பா வேலியடியில் நின்றால் அம்மாவுக்குச் சந்தேகம். நான் எல்லாரையும் சந்தேகித்தேன், ஆடு உட்பட. அம்மாவுக்கு இருந்தது ஒரே பயம்: கூடப்பிறந்த ஒரே அண்ணனின் பக்கத்துப் பொட்டு அடைபட்டுவிடக் கூடாது.

ஒரு பின்னேரம் பெரியப்பா வந்தார். கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கதைத்தார். தம்பியை நீ என்று கூப்பிடுகிறவர் அன்று நீர் போட்டார்.

"உம்மடை மச்சான் பக்கத்துப் பொட்டை அடைச்சுவிடும்."

"அண்ணை, நான் இரண்டு பேருக்கும் பொது."

"ஓம், பொதுவா இரும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளை எதாலை கொண்டு போவீர்?"

சாதாரணக் கேள்விதானே என்று நான் முந்திக்கொண்டேன். "உங்கடை வளவாலைதான் பெரியப்பா! எங்களுக்கு ரோட்டுக்கு வேறை வழியில்லையே."

"பிள்ளைக்கு விளங்குது," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் அப்பா மாமா பக்கத்துப் பொட்டை ஓலை வைத்து அடைத்தார். கயிறு எடுத்துக் கொடுத்தது அம்மாதான். "இறுக்கிக் கட்டாதேங்கோ," என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்குத் தன் அண்ணனில்தான் பாசம் என்று முடிவுகட்டி, பல நாள் அவருடன் கோபித்துக்கொண்டு திரிந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் பெரியப்பா வளவைக் கடக்கும்வரை அப்பா சைக்கிளில் ஏறவே இல்லை. தலையைக் குனிந்தபடி உருட்டிக்கொண்டு போனார். அண்ணனுக்குக் காட்டும் மரியாதை என்றுதான் நான் நினைத்தேன்.