பத்து நிமிடம் முந்திய எடைமேடை

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் நான் அவற்றைப் பார்ப்பேன், அவை என்னைப் பார்க்கும். இப்படியே மாதம் ஓடிவிடும்.

அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ் சர்வர். வாசலில் லோரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடையில் ஒரு லினக்ஸ் பெட்டி. இரண்டும் வெவ்வேறு குடும்பம். பேச்சு வேறு, பழக்கம் வேறு, கோபித்துக்கொள்ளும் விதமும் வேறு. இரண்டையும் சம்பந்தியாக்கி வைத்த தரகன் நான். ஒரே கடவுச்சொல்லில் இரண்டுக்கும் போய்வரலாம் என்று மேலாளரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆகவே நம்மூரில் மின்மினிப்பூச்சி காட்டக் கூட்டிப்போகும் படகை வைத்து விளக்கினேன். கவுண்டரில் டிக்கெட் வாங்கிவிட்டால் படகுக்காரர் உங்கள் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. டிக்கெட்டைப் பார்ப்பார், ஏற்றிக்கொள்வார். இங்கே சர்வர்தான் கவுண்டர். காலையில் அதனிடம் கடவுச்சொல்லைச் சொன்னால் நேரம் குறித்து ஒரு டிக்கெட் தரும். எடைமேடைப் பெட்டி அதைப் பார்த்து உள்ளே விடும். மேலாளர் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, படகுச் சவாரிக்கு எப்போது போகிறோம் என்றார்.

அது நடந்து ஓராண்டு இருக்கும். ஒருநாள் விடியற்காலை இடி இடித்து மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது எடைமேடைப் பெட்டிக்கு என்ன வருடம் என்பதே மறந்துபோயிருந்தது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துவிட்டது. எடைமேடைக் கணக்கெழுதும் கிராணியக்கா பொறுப்பானவர். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று தேதியையும் மணியையும் அவரே பெட்டியில் போட்டுவிட்டார். பெட்டி தானாகவே சர்வரிடம் மணி கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை அடுத்த வாரம் செய்வதாகச் சொல்லியிருந்தேன். அந்த அடுத்த வாரம் தீபாவளிக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்தது.

மதியம் பழ லோரிகள் வரத் தொடங்கியதும் பெட்டி யாரையும் உள்ளே விட மறுத்தது. எடை பதியாமல் பழத்தை இறக்க முடியாது. கையால் எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கவும் வழியில்லை. அந்தப் பழக்கத்தை நவீனத்தின் பெயரால் ஒழித்துக்கட்டியவன் நான்தான்.

வரிசையில் முதல் லோரியின் ஓட்டுநருக்கு அன்று பெரிய அவசரம். கெர்லிங்கில் அவருடைய அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அவர் தாய்மாமன், அவர் போய் நிற்காமல் தட்டு மாற்ற மாட்டார்கள். ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் நான்கு மணி வாக்கிலாவது கிளம்ப வேண்டும். ஆலையிலேயே குளித்து, பட்டுச் சட்டையைக்கூடப் போட்டுக்கொண்டு, பழத்தோடு நின்றார்.

"அண்ணே, முடியுமா முடியாதாலா? சொல்லிருங்க. எங்கக்கா நான் லேட்டா வந்தா வாசல்லயே வச்சுப் பேசும்."

ஐந்து நிமிடம் என்றேன். கணினிக்காரனின் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

கடவுச்சொல்லை மாற்றினேன். பெட்டியை மறுதொடக்கம் செய்தேன். சர்வரின் உறவை முறித்து, மறுபடி சேர்த்துவைத்தேன். விண்டோஸைத் திட்டினேன், நியாயம் கெடக் கூடாதென்று லினக்ஸையும் திட்டினேன். திரையோ நேரங்கள் பொருந்தவில்லை என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. டிக்கெட் கொடுத்தவர் கடிகாரமும் வாங்கிப் பார்ப்பவர் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால், இது பழைய டிக்கெட்டோ திருட்டு டிக்கெட்டோ என்று பெட்டி சந்தேகப்படும். அது எனக்குத் தெரியாதா? உடனே நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பெட்டியின் திரையில் என்ன மணியோ அதேதான் சுவரிலும். நேரத்தில் குறையில்லை என்று முடிவுகட்டி, வேறு குறைகளைத் தேடிப் போனேன்.

கைபேசியில் மணி பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மேலாளர் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். அதைக் கவிழ்த்துவைத்து, பார்க்காமல் இருப்பதிலேயே என் கவனமெல்லாம் போயிற்று.

கடைசியில் ஓட்டுநர் உள்ளே வந்து, சுவரைப் பார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நாலாவப் போவுது. அவ்வளவுதான்."

கிராணியக்கா அவருக்கு ஒரு குவளைத் தேநீரை நகர்த்திவைத்தார். "பதறாத தம்பி. சுவத்துல நாலடிக்க அஞ்சுன்னா, இன்னும் மூணே முக்காதான்."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

ஆட்களை விடியலில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட பெரட்டுக் காலத்தில், ஆட்கள் பிந்தாமல் வரட்டுமென்று, மேற்பார்வை பார்த்த யாரோ ஒரு மண்டோர் அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முந்தவைத்தாராம். பிறகு எத்தனையோ கடிகாரங்கள் மாறிவிட்டன, அந்தப் பத்து நிமிடம் மட்டும் மாறவில்லை. இங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் கழித்துக்கொள்ளத் தெரியும். எனக்கும் தெரியும், தினமும் அப்படித்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். பெட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"அக்கா, காலையில பெட்டிக்கு எந்த மணியப் போட்டீங்க?"

"ஆபீஸ் மணிதான். பெறகு என் வீட்டு மணியவா போடுவாங்க?"

பெட்டியின் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினேன். அடுத்த முயற்சியிலேயே சம்பந்திகள் சமாதானமானார்கள். எடை பதிந்தது, பழம் இறங்கியது. லோரியை ஓரமாக விட்டுவிட்டு ஓட்டுநர் தன் பழைய காரில் பறந்தார். நான் கைபேசியைத் திருப்பி, மேலாளரிடம் இது இரு இயங்குதளங்களுக்கு இடையேயான சிக்கலான பிரச்சினை என்று விளக்கினேன். சுவரைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆனால் மனம் கேட்கவில்லை. ஐந்தரை தாண்டியதும் ஓட்டுநரையே அழைத்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டேன்.

"சேர்ந்துட்டேண்ணே." குரலில் உற்சாகமே இல்லை. "இங்க யாருமே வரல. விசேஷம் ஏழு மணிக்காம். நான் எப்பவும் லேட்டுன்னு, எங்கக்கா எனக்கு மட்டும் அஞ்சரைன்னு சொல்லியிருக்கு."

இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பட்டுச் சட்டையோட நாற்காலி அடுக்கிக்கிட்டு இருக்கேன்."