எட்டாவது துகள்

"சலாமிக் கறிக் கொழுப்பு ஒட்டின கைய இங்க கொண்டு வராத" என்று டெல்ஃபினா என்னிடமிருந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். ஓடை மணலை அள்ளிப் போட்டு, தண்ணீருக்குள் ஆட்டி ஆட்டிப் பொன்துகளைப் பிரிக்கிற அகலமான இரும்புத் தட்டு அது. பொன் அரிக்கிறவர்கள் சங்கத்தில் நாங்கள் எல்லோரும் பச்சை பிளாஸ்டிக்குக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. அவள் மாறவில்லை. ஓடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தட்டை அடுப்பில் கவிழ்த்துப் புகை வரும்வரை சுடுவாள். பிறகு சோப்பும் மணலும் போட்டுத் தேய்ப்பாள். பிறகு மோந்து பார்ப்பாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பொடிப்பொன் மூழ்காது, மிதந்து தண்ணீரோடு போய்விடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தட்டை மோந்து பார்க்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

பாலத்துக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கிறாள். வயது அறுபதைத் தொடப்போகிறது. லாரி டயரைத் தனியாக உருட்டி ஏற்றுவாள்; கைகொடுக்கப் போனால் திட்டு விழும். வாடிக்கையாளரிடம் குழைந்து பேசி நான் பார்த்ததில்லை. "டயரும் உன் தலையும் ஒண்ணாத்தான் வழுக்கையாயிருக்கு. ஒண்ணத்தான் என்னால மாத்த முடியும்" என்பாள். அப்படியும் கூட்டம் குறைவதில்லை, வேலை சுத்தம். அவள் புருஷன் ரென்சோ சாதுவான மனுஷன். சனிக்கிழமை அவள் ஓடைக்குப் போனதும் ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு சத்தமாகப் பாட்டுக் கேட்பார். தெருவுக்கே தெரியும், அவளுக்கும் தெரியும்.

எங்கள் ஊர் எல்வோ ஓடையில் முழங்கால்வரை நிற்கும்போதுகூட அவளுக்குக் கோபம்தான். தோண்டிய குழியை மூடாமல் போனவன் மேல் கோபம். மீன் முட்டையிடுகிற காலத்தில் ஜல்லியைக் கிளறுகிறவன் மேல் கோபம். மிலானிலிருந்து மோட்டார் பம்போடு வந்து இறங்குகிறவன் மேல் அதைவிடக் கோபம். ஊரான் தோண்டிய குழிகளை இவள் கல்லைப் புரட்டிப் போட்டு மூடிக்கொண்டே போவாள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வசவு. இதில் என்ன சம்பாதிப்பீர்கள் என்று ஒருமுறை யாரோ கேட்டான். "முதுகு வலி. பாதி வேணுமா?" என்றாள். உண்மையும் அதுதான். ஒரு நாள் முழுக்கக் குனிந்து கிடந்தாலும் ஒரு காப்பி விலை தேறாது. கிடைத்ததை அவள் விற்றதும் இல்லை, யாருக்கும் காட்டியதும் இல்லை.

இப்படிப்பட்டவளைத்தான் கள்ளி என்றார்கள்.

கோடையில் எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் சங்கம் ஒரு போட்டி நடத்தும். ஆளுக்கு ஒரு வாளி மணல். வாளியை நிரப்பிய பிறகு நடுவர் அதில் சில பொன்துகள்களைப் புதைத்து வைப்பார், எத்தனை என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. சீக்கிரம் அரித்து முடிக்க வேண்டும், ஒன்றையும் தவறவிடக் கூடாது. இந்த வருஷம் வாளிக்கு ஏழு. டெல்ஃபினா எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினாள். அவள் குப்பியில் எட்டு இருந்தது.

சங்கத் தலைவன் எர்மெஸ் மாட்டுப் பண்ணைக்காரன். ஒலிபெருக்கியைப் பிடித்தால் விடமாட்டான். எட்டாவது துகள் வாளியில் இருந்ததல்ல, வெளியே இருந்து வந்தது என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தான். நகத்துக்குள் துகளை ஒளித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, ஒன்று தவறினாலும் ஈடுகட்டிக்கொள்ளலாம். அதைத்தான் சொல்லாமல் சொன்னான். கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். டெல்ஃபினா கையைக்கூடத் துடைக்காமல் அப்படியே நின்றாள்.

நியாயத்துக்கு வருவோம். வழக்கமாகப் போட்டிக்குக் குவாரியில் கழுவிய மணலை விலைக்கு வாங்குவோம், அதில் பொன் இருக்காது. இந்த வருஷம் எர்மெஸ் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று தன் டிராக்டரை ஓடை வளைவில் இறக்கி, இயந்திரத்தால் வாரிக்கொண்டு வந்துவிட்டான். மணலை அரித்ததுமே தெரிந்தது: தட்டின் அடியில் பொன்னோடு சேர்ந்து தங்குகிற கருமணல், எல்வோவின் கருமணல். எல்வோ மணலில் எல்வோவின் பொன் இருக்காமல் எங்கே போகும்? ஆனால் ஓடையில் இயந்திரம் இறக்குவது குற்றம். வனக்காவலர் காதுக்குப் போனால் அவனுக்கு அபராதம், எங்களுக்கு ஓடையை மூடிவிடுவார்கள். அதனால் சங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அன்றைக்குக் கண் தெரியவில்லை. ஓடைக்குப் பதில் அவளைக் கொடுத்துவிடலாம் என்று வாயைத் திறக்காமலே முடிவு செய்தோம். இத்தனைக்கும் எங்களில் பாதிப் பேர் அவளிடம் கடனுக்கு டயர் மாற்றியவர்கள்.

அன்று சாயங்காலம் எர்மெஸ் அவள் கடைக்குப் போய்ச் சமாதானம் பேசினான். தட்டைச் சரியாகக் கழுவவில்லை, பழைய துகள் ஒட்டியிருந்திருக்கும் என்று அவள் சொல்லிவிட்டால் போதும், விஷயத்தை முடித்துவிடலாம். இல்லாவிட்டால் வருகிற ஞாயிறு கூட்டத்தில் சங்கத்திலிருந்து அவள் பெயரை அடிக்க வேண்டி வரும். நான் அங்கே சக்கரம் மாட்டக் காத்துக்கொண்டிருந்தேன். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எர்மெஸு, காவலர்கிட்ட நான் போகமாட்டேன். மணல் எங்கேருந்து வந்துச்சுன்னு நீ சொல்லவும் வேணாம். இவ திருடலன்னு அந்த மைக்கில ஒரு வார்த்த சொல்லு. அது போதும்."

"எப்படிம்மா சொல்றது? அப்ப எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்கல்ல?"

"என் தட்டு அழுக்குன்னு நான் சொல்லணும். உன் வாய் அழுக்குன்னு யாரு சொல்றது?" என்று திருப்புளியை மேஜைமேல் போட்டாள். அவன் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க அவளிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஓடையில் அவளுக்குப் பக்கத்தில் எவனும் தட்டை இறக்கவில்லை. இந்த ஊரில் முப்பது வருஷம் நேர்மையாகக் கடை நடத்தியவள். ரென்சோ மட்டும் அந்தச் சனிக்கிழமை பாட்டுப் போடவில்லை.

போட்டிக்குப் போக மிஞ்சிய மணல் சதுக்கத்திலேயே, நீரூற்றுத் தொட்டி ஓரம் குவியலாகக் கிடந்தது. அது வாளிக்குள் போகாத மணல், நடுவர் கை படாத மணல். அதில் ஒரு துகள் அகப்பட்டாலும் அது ஓடையுடையது; அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் வால்டரின் மதுக்கடைக்குள் வந்து, நாளைக் காலை கூட்டத்துக்கு முன்னால் குவியலை எல்லோர் எதிரிலும் அரிக்கப்போகிறேன் என்று சொன்னாள். சீட்டாடிக்கொண்டிருந்த எர்மெஸ், தாராளமா அரி, யார் வேண்டாம்னது என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குவியல் இல்லை.

எர்மெஸின் டிராக்டர் சக்கரத் தடம் சதுக்கத்தை விட்டு வெளியே போயிருந்தது. கல் பாவிய தரையைப் பெருக்கிக்கூட விட்டிருந்தான். தேவாலயத்துக்குப் போகிற ஜனங்கள் நின்று வெறுந்தரையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். தோளில் சாக்கும் கையில் தட்டுமாக வந்தவளும் வெறுந்தரையைப் பார்த்தாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். பதிலாகச் சாக்கிலிருந்து டயர் நெம்புகிற கம்பியையும் ஒரு தேக்கரண்டியையும் எடுத்து, குவியல் கிடந்த இடத்தில் மண்டியிட்டாள்.

முதல் நாள் ஓடைக்கு வருகிற சின்னப் பிள்ளைகளுக்கே நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: பொன் கனமானது, அடிக்குப் போகும், பாறை இடுக்கில் போய் உட்காரும், மணலை விட்டுவிட்டு இடுக்கைச் சுரண்டு. அந்த வாரம் இரண்டு தடவை மழை பெய்திருந்தது. குவியலை அள்ளிக்கொண்டு போன எர்மெஸ் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்ததை அள்ளவில்லை. எங்கள் தலைவன். பயம் வந்தால் மூளை எங்கே போகிறதோ.

அவள் இடுக்கு இடுக்காகக் கம்பியால் நெம்பி, கரண்டியால் வாரி, தட்டில் போட்டாள். பூசைக்கு மணி அடித்தது, பாதிப் பேர் உள்ளே போகவில்லை. வயதான ஒரு அம்மாள், உன் முழங்காலுக்கு இதைப் போட்டுக்கொள் என்று சால்வையைக் கழற்றி நீட்டினாள். டெல்ஃபினா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு எழுந்து, தொட்டித் தண்ணீரில் தட்டை அமுக்கி ஆட்டத் தொடங்கினாள். வெள்ளை மணல் போயிற்று. செம்மண் போயிற்று. கருமணல் பிறை மாதிரி ஓரத்தில் தங்கியது. அதையும் ஒரு சுழற்று. நான் எட்டிப் பார்த்தேன். மினுக்கிக்கொண்டு கிடந்தது. ஒன்றல்ல.

எண்ணச் சொன்னேன். "எதுக்கு? ஒண்ணு போதும்" என்றாள். வலதுகை ஆள்காட்டி விரலைத் தட்டில் ஒற்றி, ஒரு துகளை விரல் நுனியில் எடுத்துக்கொண்டாள். தட்டை என் கையில் கொடுத்தாள். அவள் தட்டை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. என் கையை மோந்துகூடப் பார்க்கவில்லை.

மதுக்கடைப் பின்கட்டில் கூட்டம் ஆரம்பித்திருந்தது. எர்மெஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ வாசிக்கத் தயாராக இருந்தான். முழங்கால் இரண்டும் நனைந்து, ஒரு விரலை மட்டும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் வந்ததைப் பார்த்து ஆட்கள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். உட்காரு டெல்ஃபினா, பேசிக்கலாம் என்றான் அவன். அவள் உட்காரவில்லை. மேஜைக்கு மேலாகக் குனிந்து, அவன் மூக்குக்கண்ணாடியின் வலது சில்லில், கண்ணுக்கு நேராக, அந்த விரலை அழுத்தி, துகளை அங்கேயே ஒட்டிவைத்தாள்.