வரிசையில் நிற்கும் புகை

"...மரத்த எங்கியோ மலையில நட்டுக்கினு, பொகைய மட்டும் என் வடகறி மேல வுடுவியா நைனா?"

கேட்டவர் ஸ்டெல்லா அக்கா. திருவொற்றியூரில், துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்குமே, அந்தச் சாலையோரம் தள்ளுவண்டியில் டிபன் விற்பவர். போன வாரம் ஒரு நாள் காலையில் தட்டும் கையுமாக நானும் அங்கே நின்றிருந்தேன்.

மாட்டிக்கொண்டவர், எதிரே டிரெய்லரை உறுமவிட்டபடி நின்ற டிரைவர் குமார். அவருடைய கன்டெய்னரில் ஒரு பச்சை இலைப் படம். 'கார்பன் நியூட்ரல் பயணம்' என்று கீழே எழுத்து. இந்தப் புகைக்கு ஈடாகக் கம்பெனி எங்கோ மரம் நடுகிறதாம்.

நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கணக்குக்கு இரண்டு பாதி உண்டு, இல்லையா? முதலில் புகையைக் குறைக்க வேண்டும். குறைக்கவே முடியாத மிச்சத்துக்குத்தான் ஈடு. நாமோ முதல் பாதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். 'கண்ணைக் குத்திட்டுக் கண்ணாடி வாங்கித் தர்றது' என்பார்கள் எங்கள் பக்கம்.

"நிக்கிற வண்டிக்கு இன்ஜின் இன்னாத்துக்கு? அமத்துய்யா!" என்றார் அக்கா.

"அமத்துனா போச்சு யக்கா! சத்தம் நின்னா, 'இவன் தூங்கிட்டான்டா'ன்னு பின்னாடி கீறவன் முன்னால பூந்துடுவான். ஒருத்தன் பூந்தா வரிசையா பூருவானுங்கோ. இங்க இன்ஜின் ஓடுனாத்தான் ஆளு முழிச்சிக்கினு கீறான்னு அர்த்தம்."

"பஸ்ஸுக்கு வர்ற சனம் மூக்கப் பொத்திக்கினு ஓடுது. வியாபாரமே படுத்துக்கிச்சு. இப்டியே போனா நான் கடைய மூடிக்கினு வூட்லதான் குந்தணும்."

குமார் தலையைச் சொறிந்தார். பாவம், அவர் மட்டும் என்ன செய்வார்? முன்னும் பின்னும் எல்லா லாரியும் உறுமிக்கொண்டுதான் இருந்தது.

புகைக்குக் காரணம் டீசல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாதிதான் டீசல். மீதி, பின்னால் நிற்பவன் மேல் உள்ள பயம். பயத்துக்கு ஈடாக எந்த மலையில் எந்த மரத்தை நடுவது?

"நீ அமத்து நைனா. எவன் பூர்றான்னு நான் பாத்துக்கறேன்" என்றார் ஸ்டெல்லா அக்கா. என் பக்கம் திரும்பி, "வடகறி நீயே ஊத்திக்கோண்ணா" என்றார்.

பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். டிரெய்லருக்கு முன்னால் இருந்த இடைவெளியில் நட்டநடுவே போட்டு உட்கார்ந்தார். இன்ஜின் அடங்கியதும், கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் நின்ற லாரிகளைப் பார்த்துக் கால் மேல் கால் போட்டார்.